பாலாறும் பன்னாட்டுச் சட்டமும்



ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் நீர் வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைத் தொழிலகங்கள் அந்நீரை மண்ணின் மடியினின்று உறிஞ்சின. உப்பும் குரோமியமும் கலந்த கழிவாக அதனைப் பாலாற்றுப் படுகைக்கே திருப்பின. கிணறுகள் கெட்டன, தென்னைகள் பட்டன. ஏறத்தாழ 35,000 எக்டர் விளைநிலம் முற்றாகவோ ஒருபகுதியோ பயிரிடத் தகாததாயிற்று என வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு நடுவம் கண்டது.

வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் 1991இல் உச்சநயன்மன்றம் ஏறிற்று. 1996இல் நடுவர் குல்தீப் சிங் தலைமையிலான ஆயம் தீர்ப்பளித்தது. தோல்தொழில் அயல்நாட்டுச் செல்வம் ஈட்டுவது மெய்யே. எனினும் நீரையும் நிலத்தையும் அழிக்க அதற்கு உரிமையில்லை என்றது. இரு நெறிகள் இந்நாட்டுச் சட்டமே எனவும் நிறுவியது. ஒன்று, முன்காப்பு நெறி: பெருந்தீங்கு நேருமென்னும் அச்சமிருப்பின், முழுச்சான்று கிட்டும்வரை காத்திராது தடுத்தல் வேண்டும், தீங்கில்லையென மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் செய்வானையே சாரும். மற்றொன்று, கெடுத்தவனே ஈடு தருதல். இவை ஐரோப்பியச் சட்டத்தில் வேரூன்றி, 1992இன் இரியோ அறிக்கையில் 15, 16ஆம் நெறிகளாக உலகேறியவை. இத்தீர்ப்பால் வேலூரின் பெயர் உலகச் சூழற்சட்ட நூல்களிலெல்லாம் ஏறிற்று.

பெயர் ஏறியது, ஆறு தேறியதா? 28 ஆண்டுகள் கழித்து, 2025 சனவரி 30இல், பாதிப்புற்றோர்க்கு ஈடு வழங்குக, அத்தொகையைக் கெடுத்தோரிடமே தண்டுக என அதே மன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. விடை அதுவே.

ஐரோப்பாவைக் காண்க. 2015 மே முதல், தோலுடலைத் தொடும் தோற்பொருளில் ஆறிணைதிறக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டலாகாது என்பது அங்குச் சட்டம். அச்சட்டம் செருப்பை அளக்கிறது. செருப்புப் பிறந்த ஆற்றை அளப்பதில்லை. அணிவோன் கால் காக்கப்படுகிறது. உழவன் கிணறு காக்கப்படவில்லை. பெருநிறுவனங்கள் தம் கொள்முதல் வழியெங்கும் விளையும் தீங்குக்கு விடைசொல்ல வேண்டுமென 2024இல் ஒரு சட்டம் அங்கு இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டே அதன் நடைமுறை தள்ளிவைக்கப்பட்டது.

ஆகவே அயலார் சட்டத்தை நம்பி அமர்தல் பேதைமை. கையிலுள்ள தீர்ப்பே படைக்கலம். ஆனால் அது ஆங்கிலத்தில் உள்ளது. அரசியலமைப்பின் 348ஆம் உறுப்பு அம்மன்றத்தின் மொழியை ஆங்கிலமெனவே வைத்திருக்கிறது. தன் கிணற்றைப் பற்றிய தீர்ப்பைத் தானே படிக்கவியலாத உழவன், தனக்குரிய ஈட்டை எங்ஙனம் கேட்பான்? தெரியாத உரிமை இல்லாத உரிமையே.

தோல்தொழில் ஒழிக என்பதன்று இதன் கருத்து. அதனால் உண்போர் பல்லாயிரவர். கழிவைத் தூய்மை செய்யும் செலவு தொழிலின் செலவே. அதனை உழவன் தலையில் ஏற்றலாகாது. அவ்விரு தீர்ப்புகளும் நல்ல தமிழில் பெயர்க்கப்பட்டுப் பாலாற்றங்கரை ஊர்தோறும் படித்துக்காட்டப்படுதல் வேண்டும். அறிந்த மக்களே கேட்பர். கேட்கும் மக்களுக்கே முறை கிட்டும்.