சில்லு சொல்வதை அப்படியே நம்பலாமா?



கணினி வாங்கப் போனால் "எவ்வளவு வேகம்?" என்று கேட்கிறோம். அதில் ஓடும் மென்பொருளும் ஏறக்குறைய அதையே கேட்கிறது: இந்தச் சில்லுக்கு என்னென்ன கட்டளைகள் தெரியும்? புதிய கட்டளைகள் இருந்தால் படம், ஒலி வேலைகள் விரைவாக முடியும். தெரியாத கட்டளையைக் கொடுத்தாலோ சில்லு மறுத்துவிடும். மென்பொருள் அங்கேயே விழும்.

சில்லையே கேட்டுவிட்டால் என்ன? இன்டெல் சில்லுகளில் அதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. ஆனால் அது போதாது. 2011இல் இன்டெல் ஏவிஎக்ஸ் கட்டளைகளைக் கொண்டுவந்தபோது, கணக்குப் போடுகையில் எண்களை வைக்கும் சிற்றறைகள் 128 பிட்டிலிருந்து 256 பிட்டாக அகன்றன. ஒரு மென்பொருளை நிறுத்தி மற்றொன்றுக்கு இடம் கொடுக்கும்போது, அறையில் இருப்பதை எடுத்து வைத்துத் திருப்பித் தருவது இயங்குதளத்தின் பொறுப்பு. புது அகலத்தை அறியாத இயங்குதளம் பாதியைத்தான் எடுத்து வைக்கும். அதனால் இயங்குதளம் ஒப்புதல் தரும்வரை சில்லு அக்கட்டளைகளை ஏற்காது. விண்டோஸ் 7 அந்த ஒப்புதலைத் தந்தது 2011இல் வந்த முதல் சர்வீஸ் பேக்கில்தான்.

சரி, இயங்குதளத்தைக் கேட்போம். அதுவே தவறாகச் சொன்னால்?

2018இல் அதுதான் நடந்தது. சாம்சுங்கின் எக்சினோஸ் 9810 சில்லில் எட்டுக் கோர்கள். நான்கு பெரியவை, நான்கு சிறியவை. வேடிக்கை என்னவென்றால், சிறியவற்றுக்குத் தெரிந்த சில கட்டளைகள் பெரியவற்றுக்குத் தெரியாது! பொதுவான ஓர் எண்ணை, இடையில் எவரும் குறுக்கிடாதபடி ஒரே கட்டளையில் மாற்றும் வசதி அது. அந்தச் சில்லைக் கொண்ட கேலக்சி எஸ்9 பிளஸ் கைத்தொலைபேசியின் இயங்குதளம், வசதி உண்டு என்று பொதுவாகச் சொல்லிவிட்டது. கோ மொழியில் எழுதிய மென்பொருள்கள் நம்பின. சிறிய கோரில் ஓடும்வரை நலம். வேலையைப் பெரிய கோருக்கு மாற்றி, அங்கே அந்தக் கட்டளை வந்ததும் விழுந்தன. இன்று விழும், நாளை விழாது. பயனாளரோ மென்பொருளைத்தான் திட்டுவார்.

வீட்டில் எட்டுப் பேரில் நால்வருக்குக் கார் ஓட்டத் தெரியும். அதற்காக, யாரை அனுப்பினாலும் ஓட்டிவருவார் என்று சொல்லலாமா?

ஆர்ம் சில்லுகளில் லினக்ஸின் முறையான வழி வேறு. எல்லாக் கோர்களுக்கும் பொதுவானதை மட்டுமே அது அறிவிக்கும். மென்பொருள் நேராகச் சில்லின் அடையாளத்தைப் படிக்க முயன்றாலும், இடைமறித்து அந்தப் பொதுப் பதிலையே கொடுக்கும். 2021இல் வந்த இன்டெல் ஆல்டர் லேக்கில், பெரிய கோர்களுக்கு மட்டும் தெரிந்த ஏவிஎக்ஸ்-512 கட்டளைகளை நிறுவனமே முடக்கியது. வாங்கியவருக்கு இழப்புதான், ஆனாலும் அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

கோ மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள்? ஆண்ட்ராய்டில் அந்த வேகக் கட்டளையையே கைவிட்டார்கள். ஒரு கைத்தொலைபேசி சொன்ன தவறான பதிலுக்காக, குறையில்லாத மற்றக் கைத்தொலைபேசிகளும் பழைய சுற்றுவழியில் போகவேண்டியதாயிற்று.