காரியாபட்டிக் கழகத்தின் கதை



திருக்குறள் தீபாலங்காரம் என்னும் உரைநூலை இயற்றிய ஜமீன்தாரிணி இலட்சுமி அம்மணி அவர்களின் ஊராகிய இந்த மருங்காபுரியில் நின்று, பெண்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று வாதம் புரிய நான் வரவில்லை; நம்மூரைப் போன்றதொரு சிற்றூரை ஒட்டி எழுந்த பெண்கள் கால்பந்துக் கழகம் மூன்றே ஆண்டுகளில் தேசத்தின் முதல் ஸ்தானத்தை எய்திய சரித்திரத்தைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

துவரங்குறிச்சியில் பஸ் ஏறி, மதுரையில் இறங்கி, அருப்புக்கோட்டைச் சாலையில் போனால் வருவது காரியாபட்டி. வானம் பார்த்த பூமி. அதையடுத்த புல்லூரில் இருக்கும் சேது பொறியியல் கல்லூரியின் ஆதரவில், சீனி முகைதீன் அவர்களின் பிரயத்தனத்தால், 2016-இல் சேது கால்பந்துக் கழகம் தோன்றிற்று.

ஊர்க் கழகம் என்பது அயல்நாடுகளிலும் உண்டு: வேல்ஸ் நாட்டின் ரெக்ஸ்ஹாமில் 1864-இல் பிறந்த கால்பந்துக் கழகம் இன்றளவும் ஆடிவருகிறது என்று கேட்கும்போது, ஓர் ஊர் தன் கழகத்தின் மீது வைத்த அபிமானத்தை எண்ணி வியக்கிறோம். ஆனால் அதே பிரிட்டனில், 1920-ஆம் ஆண்டு டிசம்பரில் லிவர்பூல் நகரத்து மைதானமொன்றில் பெண்கள் ஆடிய ஆட்டத்தைக் காண 53,000 ஜனங்கள் திரண்டிருக்க, மறு ஆண்டே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடலாகாதெனத் தடை விதித்தது. அத்தடை நீங்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது. நம் நாட்டிலோ தடை போட யாரும் சிரமப்பட வேண்டியதில்லை. "வயசுக்கு வந்த பிள்ளைக்கு எதுக்குப் பந்து?" என்று திண்ணையிலிருந்து ஒரு குரல் எழுந்தால் போதும், அன்றோடு ஆட்டம் நின்றுவிடும்.

அந்தக் குரலை மீறி வந்தவர்களின் கதைதான் 2019. கடலூரில் எளிய குடும்பத்தில் பிறந்த இந்துமதி கதிரேசன், நேபாளத்திலிருந்து வந்த சபித்ரா பண்டாரி, இன்னும் பல மாநிலத்துப் பெண்கள் சேதுக் கழகத்தின் ஒரே சட்டை அணிந்து, அம்ருதா அரவிந்த் என்ற பெண்மணியின் பயிற்சியில் லூதியானா சென்றார்கள். மே 22-ஆம் நாள், இந்தியப் பெண்கள் லீக்கின் இறுதி ஆட்டத்தில், கால்பந்தையே மூச்சாகக் கொண்ட மணிப்பூரின் போலீஸ் அணியை 3-1 என்று வென்றார்கள். பந்தய மேடையில் கோப்பையைத் தூக்கிய அந்தக் கைகளை நினைக்குந்தோறும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. 2022-இல் புவனேசுவரத்தில் நடந்த அதே லீக்கில் பத்து ஆட்டங்களை வரிசையாக வென்று, தன்னைப் போலவே பத்தையும் வென்றிருந்த கோகுலம் கேரள அணியைக் கடைசி ஆட்டத்தில் சந்தித்து, 1-3 எனத் தோற்று இரண்டாமிடம் பெற்றார்கள். அந்தத் தோல்வியும் கௌரவமானதே.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். இவ்வட்டாரத்தில் சாயங்காலம் பந்து விளையாடும் சிறுமிகளைப் பாருங்கள்: இரண்டு செங்கல் வைத்தால் கோல், சீமைக் கருவேல முள் ஏறிப் பந்தின் காற்றுப் போனால் அன்றைய ஆட்டம் முடிந்தது, சுடிதார்த் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு வெறுங்காலோடு ஓடுகிறார்கள். காரியாபட்டிப் பக்கத்தில் உள்ள ஏதோவொன்று அந்தக் கால்களில் குறைகிறதென்று என்னால் ஒப்ப முடியவில்லை. குறைவது இடமும் பெரியவர்களின் சம்மதமுமே. ஆகவே ஊராட்சி மன்றத்தாரையும் இங்குள்ள தனவந்தர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: முள்ளை வேரோடு அகற்றி ஒரு மைதானத்தை இவ்வாண்டே பெண்களுக்கென ஒதுக்குங்கள். பெற்றோர்களே, நாளை மாலை உங்கள் மகள் பந்தோடு புறப்பட்டால், அவளைத் தடுக்காதீர்கள்.