மின்னோட்டத்திற்கு ஒரு வரம்பு



எங்கள் மல்லாங்கிணற்றின் பெயரிலேயே கிணறு இருக்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம்பார்த்த பூமியில் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் அக்குடும்பத்தின் அவ்வாண்டு வெள்ளாமையே தடுமாறிப் போகும். மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை அற்றுப்போயின், எஞ்சிய முனைகள் சுமை முழுவதையும் தாங்க முற்பட்டு அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை ஈர்க்கும், கம்பிச்சுருள் கருகும்.

சென்ற கோடையில் இதனைச் சிறிய உருவில் கண்டேன். மாணவன் ஒருவன் நிரல் எழுதி இயக்கும் பலகையொன்றையும், அதன்மேல் பொருத்தும் துணைப் பலகையையும் கொண்டு, நீரிறைக்கும் மாதிரி ஒன்று அமைத்தான். தந்தையார் மிளகாய் விற்ற பணத்தில் வாங்கித் தந்தவை அவை. மோட்டாரின் விசிறியில் குச்சி ஒன்று சிக்கியது. சிறிது நேரத்தில் துணைப் பலகை சூடேறிக் கெட்டது. தந்தையார் கடிந்துகொள்ளவில்லை. காரணத்தை மட்டும் கேட்டார். அக்காரணத்தையே இன்று ஆராய்வோம்.

சுழலும் மோட்டார் தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. சுழற்சி நின்றால் அவ்வெதிர்ப்பு மறைகிறது. சுருளின் தடை ஒன்றே எஞ்சுகிறது. 1827-இல் ஓம் என்னும் ஜெர்மானிய அறிஞர் வெளியிட்ட விதியின்படி, 12 வோல்ட்டை 3 ஓம் தடையால் வகுத்தால் 4 ஆம்பியர். துணைப் பலகை தாங்கக்கூடியதோ 2 ஆம்பியரே!

இதனைத் தடுப்பது எங்ஙனம்? 2005-ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரேயா நகரில் தோன்றிய ஆர்டுயினோ பலகைக்குரிய மோட்டார் ஷீல்டை எடுத்துக்கொள்வோம். அதில் ஓர் ஆம்பியர் ஓடினால் 1.65 வோல்ட் கிடைக்கும்படி அமைத்திருக்கின்றனர். ஆர்டுயினோ ஊனோ 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பகுத்து அளக்கிறது. ஆகவே 1 ஆம்பியருக்கு ஏறத்தாழ 338 படி; 1.5 ஆம்பியருக்கு 507 படி. இந்த 507 என்பதே நாம் இடும் வரம்பு.

கண்மாய் மடையை நீர்பாய்ச்சி திறந்தும் அடைத்தும் வயலுக்கேற்ப நீர் விடுவதுபோல, பலகையும் மின்சாரத்தை வினாடிக்கு ஏறத்தாழ 490 முறை திறந்து மூடுகிறது. திறப்பின் அளவு 0 முதல் 255 வரை. நிரல் இந்த அளவைச் சுழியத்திலிருந்து படிப்படியாக உயர்த்த வேண்டும். ஒவ்வொரு படியிலும் மின்னோட்டத்தை அளக்க வேண்டும். மூடிய கணத்தில் அளந்தால் ஏமாந்துபோவோம். ஆதலின் அடுத்தடுத்து 40 அளவுகள் எடுத்து, அவற்றுள் பெரியதையே கொள்க. அது 507-ஐத் தாண்டினால் திறப்பைச் சட்டெனக் குறைக்க வேண்டும். தாண்டாவிடில் மெல்ல உயர்த்தலாம். இரண்டு வினாடி கடந்தும் மின்னோட்டம் வரம்பை முட்டிக்கொண்டே நிற்குமாயின், மோட்டாரை நிறுத்தி விளக்கொன்றை எரியச் செய்ய வேண்டும். தடையை நீக்குவது மனிதன் கடமை.

எனினும் நிரலை மட்டும் நம்புதல் தகாது. நிரல் இடையில் நின்றுபோகலாம். எழுதியவர் பிழை செய்திருக்கலாம். எனவே மின்வழியில் தக்க உருகியொன்றை, அதாவது ஃபியூஸை, இணைத்தே தீர வேண்டும். கிணற்று மோட்டாருக்கு இப்பலகையைப் பூட்ட எவரும் துணிய வேண்டா. அதன் 415 வோல்ட் உயிரைப் போக்கும். அதற்கென்று தனிக் காப்பு ரிலேக்கள் உள்ளன.

அம்மாணவன் வேறொரு துணைப் பலகை பெற்று, இம்முறையில் நிரலை எழுதினான். பின்னர் விசிறியில் தானே ஒரு குச்சியைச் செருகிப் பார்த்தான். மோட்டார் நின்றது, விளக்கு எரிந்தது, பலகை பிழைத்தது. அருகிலிருந்த தந்தையார், தம் கிணற்று மோட்டாருக்கும் அத்தகைய காப்பு உண்டா என்று வினவினார். மகன் அன்றே சென்று பார்த்தான். ரிலே இருந்தது, ஆனால் எப்பொழுதோ எவரோ அதன் இணைப்பைத் துண்டித்திருந்தனர். மறுநாளே மின்பணியாளரை அழைத்து அதனைச் சீர்செய்தனர்.

உங்கள் வீட்டு மோட்டாரின் காப்பு செயற்படுகிறதா என்று பெரியோரிடம் இன்றே கேளுங்கள்.