வாடகைக்கு முன் வழியைக் கேளுங்கள்

தனியே பிரயாணம் செய்யும் ஒரு பெண், பழக்கமில்லாத நகரத்தில் தங்க இடம் தேடும்போது, வாடகை எவ்வளவு, சௌகரியங்கள் என்னென்ன என்று விசாரிப்பதற்கு முன்னால், ரயிலடியிலிருந்து அந்த வாசல் வரை உள்ள வழி எப்படிப்பட்டது என்று விசாரிப்பதே விவேகம்.

மதுரையிலிருந்து புறப்பட்ட இரவு ரயில், விடியுமுன்பே உங்களைச் சென்னை எழும்பூரில் இறக்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சொற்பப் பணம் மிச்சமாகும் என்பதற்காக, அந்த இருட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்து சந்தாக அலைவதைக் காட்டிலும், பூந்தமல்லி நெடுஞ்சாலையிலுள்ள ஒய்.டபிள்யூ.சி.ஏ. விருந்தினர் இல்லத்தைப் போல, ஜன நடமாட்டமுள்ள பெருஞ்சாலையை ஒட்டிய இடம் உத்தமமல்லவா?

முதல் நாளே தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேளுங்கள். விடியற்காலையில் கதவு திறப்பார்களா? இரவு முழுவதும் வரவேற்பில் ஆள் இருப்பாரா? அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா? பதில் தயங்கி வந்தால் வேறிடம் பாருங்கள். பெண்களுக்கான உதவி எண் 181 என்பதையும் மனத்தில் இருத்துங்கள்.

அறை பிறகு, வழி முதலில்.