சுவடிச் சாலையில் வாசகர் கடமை

தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் தம்மிடமிருந்த ஓலைச்சுவடி ஒன்றை மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் ஒப்படைத்தார். கிரந்த எழுத்தில் அமைந்த அதனை ஆராய்ந்த நூலகர் சாமசாஸ்திரி, பிறர் காட்டிய மேற்கோள்களால் மட்டுமே அறியப்பட்டிருந்த கௌடிலியரின் அர்த்தசாஸ்திரமே அது எனக் கண்டார். 1909-இல் அந்நூல் அச்சேறிற்று. அந்நூலகமே இன்று மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

இத்தகைய சுவடிச் சாலைக்குச் செல்ல விழைவோர், முதலில் அச்சிட்ட சுவடி அட்டவணையைப் பார்த்து, வேண்டிய சுவடியின் எண்ணைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஆராய்ச்சியின் நோக்கத்தைத் தெரிவித்து முன்னரே கடிதம் எழுதி இசைவு பெறுதல் நலம்.

படிக்கும் மேசையில் மைப்பேனா ஆகாது, பென்சிலே தகும். கைகள் தூய்மையாகவும் ஈரமின்றியும் இருத்தல் வேண்டும். விரலை எச்சிலில் தொட்டு ஏடு தள்ளும் வழக்கம் அறவே கூடாது. கயிற்றை இழுக்காமல், ஏடுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, வரிசை மாறாமல் கட்டுதல் வேண்டும். வரிசை பிறழ்ந்த சுவடி, பின்வருவோர்க்குப் பொருள் மயக்கம் தரும்.

ஓர் ஏடு நம் கையில் முறிந்துவிட்டால் என் செய்வது? மறைத்தல் தகாது, உடனே காப்பாளரிடம் கூறிவிடல் வேண்டும். துண்டுகள் இருந்தால் ஒன்றுசேர்க்கலாம். குப்பையில் போயின் அவ்வாசகம் மீளாது. வேறு படி இல்லாத நூலாயின் அவ்விழப்பு உலகத்திற்கே இழப்பாகும்.

அன்று அப்பண்டிதர் கொடுக்கும் மனம் கொண்டிருந்தார். காக்கும் மனம் நமக்கு வேண்டும்.