மலைமேல் ஒரு வீடு நிற்க

தச்சநல்லூரில் எங்கள் தெருக் குழாயில் வருவது தாமிரபரணித் தண்ணீர். அந்த ஆறு பிறக்கிற பொதிகை மலையில், காரையாறு, சேர்வலாறு அணைகளை ஒட்டிக் காணி என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். மயிலாறு, அகஸ்தியர் காணிக் குடியிருப்பு, சேர்வலாறு, எல்லாவற்றுக்கும் மேலே இஞ்சிக்குழி என்று அவர்கள் குடியிருப்புகள். அவர்களுடைய வீடுகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஒரு காலத்தில் காணி மக்கள் தங்கள் வீட்டுக்காக யாரையும் எதிர்பார்க்கவில்லை. மூங்கிலும் ஈத்தலும் வெட்டினார்கள், மண் பூசினார்கள், புல்லோ இலையோ வேய்ந்தார்கள். கூரை நைந்தால் மாற்றிக்கொண்டார்கள். 1962-இல் முண்டந்துறை புலிகள் சரணாலயம் ஆயிற்று. 1988-இல் களக்காட்டையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆயிற்று. இப்போது நினைத்தபோது மூங்கில் வெட்ட முடியாது. கீழேயிருந்து சிமெண்ட் கொண்டுபோவதென்றாலும் வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டியாக வேண்டும். காட்டைக் காப்பது தேவைதான். அந்தக் காடு இல்லாவிட்டால் நம் ஆறு இல்லை. ஆனால் வீடு கட்டும் பொருளுக்குத் தடை போட்டது அரசு என்றால், அந்த வீட்டை முடித்துக் கொடுக்கிற பொறுப்பும் அரசுடையதுதானே? இதை நான் சலுகையாகப் பார்க்கவில்லை. அது ஒரு கடன்.

சட்டம் இல்லாமலில்லை. தலைசாய்க்க ஓர் இடம் என்பது உயிர்வாழும் உரிமையோடு சேர்ந்தது என்று சமேலி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டில் குடியிருக்கிற பழங்குடிகளுக்கு அந்த இடத்தில் வாழும் உரிமையைக் கொடுத்தது. ஆனால் உரிமைப் பத்திரம் மழைக்கு ஒதுங்கும் கூரையாகிவிடாது.

பணத்துக்கு வருவோம். மத்திய அரசின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் சமவெளிக்கு ஒரு வீட்டுக்கு 1,20,000 ரூபாய். மலைக்கும் எளிதில் போக முடியாத பகுதிக்கும் 1,30,000. வித்தியாசம் பத்தாயிரம்! மாநில அரசு தன் பங்கைக் கூட்டித் தருகிறது, உண்மை. இருந்தாலும் அணையைக் கடந்து, பாணதீர்த்த அருவிக்கும் மேலே, இஞ்சிக்குழிக்கு ஒரு மூட்டை சிமெண்டும் ஒரு கட்டுக் கம்பியும் போய்ச் சேர என்ன செலவாகும் என்று அந்தக் கணக்கைப் போட்டவர்கள் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பணமும் ஒரே தடவையில் வராது. வேலை எழும்ப எழும்பத் தவணை தவணையாகத்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் கைப்பேசியில் இடக்குறியோடு படம் எடுத்து ஏற்ற வேண்டும். அன்றாடம் தேனும் மிளகும் மரச்சீனியும் விற்றுப் பிழைக்கிற குடும்பம், தவணை வரும்வரை கைப்பணம் போட்டுக் கட்ட எங்கே போகும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 நவம்பரில் பிரதமரின் ஜன்மன் திட்டம் வந்தது. மிகவும் நலிவுற்ற பழங்குடிகளுக்கு வீடு, குடிநீர், சாலை எல்லாம் சேர்த்துத் தருகிற நல்ல திட்டம். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பிரிவினர். காணி மக்கள் அதில் இல்லை. 2024 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் தர்த்தி ஆபா திட்டம் அந்தப் பட்டியலோடு நிற்காமல் மற்றப் பழங்குடிகளையும் கணக்கில் எடுக்கிறது. அதில் நம் மலைக் குடியிருப்புகள் ஒன்று விடாமல் சேர்ந்தாக வேண்டும்.

சரி, வீடு கட்டியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். பிறகு? தமிழ்நாட்டுப் பழங்குடிக் குடியிருப்புகளில் பழைய தொகுப்பு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பூச்சு உதிர்ந்து, கம்பி துருவேறி, மழைநாளில் உள்ளே பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடிக்கிற நிலை. பராமரிப்பு யார் கடமை என்பதற்கு வேறு நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு: ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் சாண்டா தெரசா என்றொரு பூர்வகுடிக் கிராமம். அங்கே அரசு வீட்டில் குடியிருந்த ஒரு மூதாட்டியின் வீட்டுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் பின்வாசல் கதவே இல்லை. ஊரார் வழக்குப் போட்டார்கள். கதவில்லாத வீட்டில் அச்சத்தோடு கழித்த நாட்களின் மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்கலாம் என்று 2023 நவம்பரில் அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அங்கே அரசு வாடகை வாங்குகிறது, இங்கே வாங்கவில்லை என்று சிலர் சொல்லக்கூடும். பொருளைக் கொண்டுபோகும் வழியைத் தன் கையில் வைத்திருக்கிற அரசுக்கு, வாடகை வாங்காததால் பராமரிக்கும் கடமை குறைந்துவிடுமா?

செய்ய வேண்டியதும் கைக்கெட்டாத ஒன்றல்ல. மலைக் குடியிருப்புக்குச் சுமைகூலியும் சேர்த்துத் தனி மதிப்பீடு போடட்டும். ஒவ்வொரு தவணையையும் அந்தக் கட்ட வேலை தொடங்கும் முன்பே கொடுக்கட்டும். பொருள் போகும் நாளை வனத்துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் சேர்ந்து முடிவு செய்து, எழுத்தில் தரட்டும். யானை வருகிற தடமும் மழை அடிக்கிற திசையும் காணி மக்களுக்குத் தெரியும். வீட்டு வரைபடத்தை அவர்களைக் கூட்டிவைத்து முடிவு செய்யட்டும். ஆண்டுதோறும் பருவமழைக்கு முன்பு, ஐப்பசி பிறப்பதற்குள், ஒவ்வொரு கூரையையும் பொறியாளர் நேரில் ஏறிப் பார்த்து, பழுதையும் அதைச் சரிசெய்யும் தேதியையும் அந்தக் குடியிருப்பின் கிராம சபையிலேயே வாசிக்கட்டும்.