சனி, குரு, புதன், பித்தம்: ஆங்கிலம் குணம் சொல்லும் விதம்

ஒருவர் எந்நேரமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போனால், "இவருக்கு என்ன ஏழரைச் சனியா?" என்கிறோம். ஆங்கிலேயரும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறார்கள். 'சாட்டர்னைன்' என்பது அந்தச் சொல். சாட்டர்ன் என்றால் சனி. சனியின் பிடியில் பிறந்தவர் இறுக்கமானவர், சிரிக்காதவர் என்று பழைய ஐரோப்பா நம்பியது. சனிக்கோள் சூரியனை ஒரு தடவை சுற்றிவர ஏறக்குறைய 29½ ஆண்டு ஆகிறது. அந்த நடையைப் பார்த்துத்தான் நம் ஜோதிடர்களும் அதை 'மந்தன்' என்றார்கள்.

இந்த ஒற்றுமை எல்லாமே தற்செயல் இல்லை. நாம் நல்ல காரியத்துக்குப் பார்க்கிற 'ஹோரை' இருக்கிறதே, அது கிரேக்கச் சொல். ஆங்கிலத்தின் 'ஹவர்' அதன் உடன்பிறப்பு.

ஆனால் குரு விஷயத்தில் இரண்டு ஊரும் பிரிந்துவிடுகின்றன. நம்முடைய வியாழன் தேவர்களுக்கே பாடம் நடத்தும் வாத்தியார். ரோமாபுரியின் ஜூபிடருக்கு ஜோவ் என்றும் பெயர். அந்தக் கோளின் பிடியில் பிறந்தவர் வாய்விட்டுச் சிரிப்பார், நாலு பேரைக் கூட்டிவைத்துக் கலகலப்பாக இருப்பார். அதுதான் 'ஜோவியல்'. கல்யாண வீட்டில் பந்திக்குப் பந்தி போய் எல்லாரையும் சிரிக்க வைக்கிற மாமா ஜோவியல். பக்கத்தில் அமைதியாகப் புன்னகைக்கும் நல்ல மனிதருக்கு அந்தச் சொல் பொருந்தாது. 'மெர்க்குரியல்' புதனிடமிருந்து வந்தது. மெர்க்குரி என்றால் பாதரசமும்தான். காலையில் தட்டிக்கொடுத்து மதியம் எரிந்து விழுகிற மேலதிகாரியை இதைவிடப் பொருத்தமாகச் சொல்ல முடியாது.

வானத்தில் கிடைக்காததை உடம்புக்குள் தேடினார்கள் கிரேக்க வைத்தியர்கள். நாம் வாதம், பித்தம், கபம் என்று மூன்றைச் சொன்னோம். அவர்கள் இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கைச் சொன்னார்கள். இரத்தம் மிகுந்தவர் 'சாங்க்வின்', எதுவும் நல்லபடியாக முடியும் என்று நம்புகிறவர். ஒலியில் நெருங்கிய 'சாங்க்வினரி' இரத்தக்களரியைக் குறிக்கும். ஒருவரைப் பாராட்டும்போது நாக்கு அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சளி மிகுந்தவர் 'ஃபிளெக்மாடிக்', தலையில் இடி விழுந்தாலும் பதறாதவர். மஞ்சள் பித்தம் ஏறினால் கோபக்காரர், 'காலரிக்'. 'மெலன்கலி' என்ற துயரச் சொல்லுக்குக் கிரேக்கத்தில் கரும்பித்தம் என்பதே நேர்ப்பொருள்.

இந்த நான்கு நீர்களுக்கும் பொதுப்பெயர் 'ஹியூமர்'. ஆமாம், நகைச்சுவை என்று நாம் சொல்லும் அதே ஹியூமர்! நீர் என்ற பொருள் மனப்போக்கு என்றாகி, பிறகுதான் சிரிப்புக்கு வந்து சேர்ந்தது. பென் ஜான்சன் இந்தச் சொல்லைத் தலைப்பிலேயே வைத்து 'எவ்ரி மேன் இன் ஹிஸ் ஹியூமர்' என்று நாடகம் எழுதினார். 1598இல் அது மேடையேறியபோது நடித்தவர்களில் ஒருவர் ஷேக்ஸ்பியர்.

ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் இச்சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்கிறார்கள். சோகம் என்று ஒரே அர்த்தத்தை நாலு சொல்லுக்கு எதிரே எழுதி வைத்தால், எதை எங்கே போடுவது என்று எப்படித் தெரியும்? சொல் எங்கிருந்து வந்தது என்று அகராதியில் ஒரு வரி இருக்கும். அதையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.

இந்தக் குடும்பத்தில் ஒரு சொல்லை மட்டும் கையால் தொடாதீர்கள்: 'லூனடிக்'. லூனா என்றால் நிலா. நிலவு வளர்ந்து தேய்வதால் மனம் பேதலிக்கிறது என்ற நம்பிக்கையில் பிறந்தது. நம் நாட்டில் 1912இல் வந்த இந்திய லூனசி சட்டம், 1987இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டம் 1993இல் நடைமுறைக்கு வரும் வரை நீடித்தது. அமெரிக்கா தன் கூட்டாட்சிச் சட்டங்களிலிருந்து அந்தச் சொல்லை 2012இல்தான் நீக்கியது.